பரீட்சை யாருக்கு?

பரீட்சை என்னுஞ் சொல்லைக் கேட்டவளவில் மனம் சிறிதேனும் கலங்காத மாணாக்கர் எக்கல்லூரியிலும் இலர். வினாத்தாள் கைக்கு வருங்காறும் படபடப்பு. வந்தபின் விடை தோன்றாவிடின் தம்மையே நொந்துகொள்ளுதல். இவை அவர்கட்கு இயல்பாகவே அமைந்துவிட்டன. ஆயின், சென்ற ஆண்டு நம் கல்லூரி நூல்நிலையத்தில் நடைபெற்ற பரீட்சை ஒன்றில், விடை காணாது திகைத்தவர் ஒரு சாரார். தேறாது போனவர் மற்றொரு சாரார். திகைத்தவர் மாணாக்கர், தேறாதவர் யாமே. அவ்வரலாற்றை மறையாது உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் என்றது ஐவரை. நூல்நிலையத்திற் பணிபுரிவோர் இருவர். கணினியியல் பயிலும் மாணாக்கர் மூவர். இவ்வைவேமும் கூடி இதனை எழுதுகின்றோம்.

நம் நூல்நிலையத்தில் முன்னாளில் இருந்த அட்டைப் பட்டியலைப் பழைய மாணாக்கர் பலர் மறந்திரார். வாயிலையடுத்து நின்ற மரப்பேழைகளையும், அவற்றின் சிறு இழுப்பறைகளையும், விரல்பட்டு மூலை மழுங்கிய அட்டைகளையும் நினைக்குந்தோறும் அவர்கள் உள்ளத்தே ஓர் உவகை தோன்றுதல் கூடும். ஆசிரியர் பெயரால் ஓர் அட்டை, நூற்பெயரால் ஓர் அட்டை, பொருளால் ஓர் அட்டை என நூலுக்கு மூன்று அட்டை எழுதி அடுக்கிய காலம் அது. பின்னர்க் கணினி வந்தது; அட்டைகள் ஒழிந்தன. இப்போது இணையத்தின் வழியாக வீட்டிலிருந்தும் விடுதியிலிருந்தும் பட்டியலைப் பார்க்கலாம். ஒரு சிறு கட்டத்துள் வேண்டிய சொல்லை இட்டு விசையை அழுத்தினால், நூல் உளதா, இலதா, யாரேனும் எடுத்துச் சென்றனரா என்பன நொடிப்பொழுதில் திரையில் தோன்றும். இதனினும் சிறந்த வசதி வேறில்லை என்று யாம் நெடுநாள் இறுமாந்திருந்தோம்.

அவ்விறுமாப்பைச் சிறிது அசைத்தது ஆண்டிறுதிக் கணக்கெடுப்பு. தமிழ்ப் பகுதியில் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, பலவற்றின் பின்னட்டையில் ஒட்டப்பெற்ற தேதித்தாள் வெண்மையாகவே இருந்தது. ஒரு முத்திரையும் அதில் விழுந்திலது. நல்ல நூல்கள், ஆசிரியர்கள் பரிந்துரைத்து வாங்கியவை, ஆயினும் வாங்கிய நாள்தொட்டு ஒருவர் கையும் படாதவை. இதனைக் கண்ட யாம் உடனே ஒரு முடிவுக்கு வந்தோம். இக்காலத்து மாணாக்கர்க்குப் படிக்கும் ஆர்வம் இல்லை என்பதே அம்முடிவு. அதனோடு நில்லாது, 'தேடும் முறை அறியாதார் உதவி மேசையை அணுகுக' என்று ஓர் அறிவிப்பும் எழுதி ஒட்டினோம். அறிவிப்பை ஒட்டிய பின்னும் மேசையை அணுகியவர் மிகச் சிலரே.

இந்நிலையில், எம்முள் இளையவராகிய மாணாக்கர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, அவர்கட்கு விருப்பமில்லை என்பதை எவ்வாறு அறிந்தோம்? விருப்பத்தோடு தேடிக் கிடைக்காமற் போயிருந்தாலும் தாள் இவ்வாறு வெண்மையாகத்தானே இருக்கும்?" என்றார். அதற்கு எம்மிடம் விடை இல்லை. வெறுந்தாள் ஒன்று தன் வெறுமைக்குக் காரணத்தைக் கூறாதன்றோ? காரணத்தை அறிய வேண்டின், தேடுவோர் பக்கத்தே அமர்ந்து காண்பதொன்றே வழி. அங்ஙனம் காணும் முறைக்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர்.

இம்முறையைப் பற்றி அறியாத அன்பர் பொருட்டுச் சில கூறுவோம். ஒரு கருவியைச் செய்தோர் அது நன்றாயிருக்கிறதென்று சொல்வது சான்றாகாது. அதனைப் பயன்படுத்த வேண்டியவர் ஒருவரை அழைத்து, அவர் உண்மையிற் செய்யக்கூடிய வேலை ஒன்றை அவரிடம் ஒப்படைத்து, யாதொரு துணையும் செய்யாது, அவர் செய்வதைக் கண்டு குறித்துக்கொள்ள வேண்டும். அவர் மனத்தில் ஓடுவதை அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்ஙனம் வாய்விட்டுச் சிந்திப்பதைச் சான்றாகக் கொள்ளும் நெறியை எரிக்சன், சைமன் என்னும் உளநூலறிஞர் இருவர் 1984ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே வகுத்தனர். எத்துணைப் பேரை அழைத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஐவர் போதும், பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஐவர் எவ்வாற்றானும் போதார் என்று அடுத்த ஆண்டிலேயே வேறு சிலர் மறுத்தனர். எம் கருத்து யாதெனில், ஒருவரையும் அழையாதிருந்த எமக்கு ஐவரே பெருங்கூட்டம் என்பதாம்.

நூற்பட்டியலுக்கு இச்சோதனை புதிதாக வந்ததொன்றாயினும், அதன் உட்கருத்துப் பழையது. சார்லஸ் கட்டர் என்னும் அமெரிக்க நூலகர் 1876ஆம் ஆண்டில் பட்டியல் விதிகளை வகுத்தபோதே, ஆசிரியர் பெயரோ நூற்பெயரோ பொருளோ அறிந்த ஒருவர் தமக்கு வேண்டிய நூலைக் கண்டடையச் செய்வது பட்டியலின் கடமை என்று வரையறுத்தார். பட்டியல் எழுதுவோரின் எளிமையைவிடப் படிப்போரின் வசதியே முதன்மை பெறல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை. சீர்காழியிற் பிறந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்த அரங்கநாதனார், 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவதாக, படிப்பவரின் காலத்தைக் காத்தலை வைத்தார். இவ்விதிகளை நூலகத்துறையில் யாவரும் ஒப்பிப்பர். யாமும் பலமுறை ஒப்பித்தோம். ஒப்பித்ததைக் கைக்கொண்டோமா என்று ஆராய்ந்ததில்லை. மேனாட்டிலும் நிலைமை இத்தகையதே போலும். இணையப் பட்டியல்கள் பயன்படுத்துதற்கு ஏன் கடினமாயுள்ளன என்று கிறிஸ்டின் போர்க்மன் என்னும் அம்மையார் 1986ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். பத்தாண்டு கழித்து, 1996ஆம் ஆண்டில், அவை இன்னும் ஏன் கடினமாயுள்ளன என்று மற்றொரு கட்டுரை வரைய நேர்ந்தது.

நிற்க. யாம் முதலில் வினாத்தாளை ஆயத்தம் செய்தோம். அவ்வேலை எளிதன்று என்பது விரைவில் புலப்பட்டது. 'ஆசிரியர் என்னும் பகுதியைத் தேர்ந்து புதுமைப்பித்தன் நூல்களைக் காண்க' என்பது யாம் எழுதிய முதல் வினா. எம்முள் ஒருவர் அதனைப் படித்துவிட்டு நகைத்தார். திரையில் எதனை அழுத்த வேண்டும் என்பதை வினாவே சொல்லிவிடுமாயின், பரீட்சிக்க யாது எஞ்சும்? ஆகவே அதனை அழித்து, 'வகுப்பில் புதுமைப்பித்தனைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் எழுதிய சிறுகதைத் தொகுதி ஒன்றை இன்றே எடுத்துச் செல்ல விரும்புகிறீர்கள்' என்று மாற்றினோம். கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கணம் எத்தளத்தில் உளது. முதல் உலகப் போரைப் பற்றி நூல்கள் யாவை. திரையிற் காணும் எண்ணைக்கொண்டு நூலை அலமாரியில் எடுத்து வருக. இவை போல்வன பிறவும் சேர்த்து எட்டு வினாக்கள் அமைந்தன.

முதல் நாள் யாமே பரீட்சையைக் கெடுத்தோம். வந்திருந்தவர் முதலாண்டு மாணாக்கர் ஒருவர். "பரீட்சிக்கப்படுவது இக்கருவியே; நீர் அல்லீர். தவறு நேரின் அது கருவியின் தவறு" என்று முறைப்படி அவருக்கு எடுத்துரைத்தோம். அவர் தலையசைத்தார், ஆனால் நம்பவில்லை. நூல்நிலையத்தார் இருவர் எதிரே நாற்காலியிட்டு அமர்ந்திருக்க, எவர்தாம் நம்புவர்? மனத்தில் ஓடுவதைச் சொல்லும்படி கேட்டபோது, "நன்றாயிருக்கிறது, ஐயா" என்பதே அவர் வாயினின்றும் வந்தது. நூல் அகப்படவில்லை, மறுபடியும் "நன்றாயிருக்கிறது, ஐயா". அவர் திரையின் ஒரு மூலையில் அலைந்துகொண்டிருந்தபோது எம்முள் ஒருவருக்குப் பொறுமை மீறிற்று. கை தானாகவே நீண்டது. விரல் உரிய இடத்தைக் காட்டிற்று. மாணாக்கர் நன்றி கூறி, நூலைக் கண்டார். குறிப்பேட்டில் எழுதுதற்கு ஒன்றும் இல்லாது போயிற்று.

அன்று மாலை யாம் இருந்து ஆலோசித்தோம். துணை செய்தல் நற்பண்பே. நூல்நிலையத்திற்கு அதுவே அழகு. ஆயினும், நள்ளிரவில் விடுதியறையில் அமர்ந்து தேடும் மாணாக்கர்க்கு எம் விரல் எட்டாதன்றோ? அவர் படும் இடரை உள்ளவாறு காண வேண்டின், பகலில் அவ்விரலை மடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். மறுநாள்தொட்டு ஏற்பாட்டை மாற்றினோம். நூல்நிலையத்தார் இருவரும் அறையின் பின்புறத்தே சென்று அமர்ந்தனர். உடன்பயிலும் மாணாக்கர் ஒருவரே பக்கத்திலிருந்து வினாவைப் படித்துக் காட்டினார். அதன்பின் நாவுகள் மெல்லக் கட்டவிழ்ந்தன. "அண்ணா, இது என்ன, எதைத் தட்டினாலும் பழைய இடத்துக்கே வருகிறது?" என்னும் உண்மை மொழிகள் எம் செவிக்கு எட்டத் தொடங்கின.

அறிந்தவை பல. அவற்றுட் சில கூறுவோம். தேடுங்கட்டத்தின் பக்கத்தே, நூற்பெயர், ஆசிரியர், பொருள் எனத் தெரிந்தெடுக்கும் ஒரு பகுதி உளது. அதனைப் பெரும்பாலோர் நோக்கவேயில்லை. முந்தைய தேடலில் நூற்பெயர் என்று இருந்ததை மாற்றாமலே ஆசிரியர் பெயரை இட்டனர். ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. நூல் இல்லை என்றே கொண்டனர். முதல் உலகப் போர் என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடியவர்க்குச் சில நூல்களே வந்தன. காரணம் யாதெனில், நூலகங்கள் வழங்கும் பொருட்டலைப்பு 'உலகப் போர், 1914-1918' என்றிருத்தலே. அவ்விரண்டும் ஒன்றேயென்று மாணாக்கர் அறிவர், ஆசிரியர் அறிவர். எம் கருவி ஒன்றே அறியாது. நூலின் இடங்காட்டும் எண்ணாகிய 894.811 என்பதைக் கண்ட ஒருவர் அதனை விலையென்று எண்ணினார். மற்றொருவர் பதிவெண் என்றார். தமிழிலக்கியத்திற்குத் தூயி பகுப்புமுறையில் உரிய எண் அதுவென்பது எமக்குப் பெயர்போலப் பழகியது. அவர்கட்கு அதனை விளக்கும் ஒரு சொல்லும் திரையில் இல்லை.

இவை யாவும் சிறு குறைகள். பெருங்குறையை எமக்குக் காட்டியவர் தமிழிலக்கியம் பயிலும் மூன்றாமாண்டு மாணவி ஒருவர்.

அவர் அமைதியாக வந்து அமர்ந்தார். புதுமைப்பித்தனைப் பற்றிய வினா அவர்க்கு முதலாவதாக வந்தது. வினாவைப் படித்ததும் முகம் மலர்ந்தது. அவ்வாசிரியரை அவர் விரும்பிப் படிப்பவர் என்று தெரிந்தது. தம் கைப்பேசியில் எழுதும் வழக்கப்படியே தமிழெழுத்தில் 'புதுமைப்பித்தன்' என்று பிழையற எழுதினார். ஒன்றும் இல்லை என்று திரை கூறிற்று. 'சிறுகதைகள்' என்பதைச் சேர்த்தார், இல்லை. பின்னர் ஆங்கில எழுத்தில், செவிக்குப் பட்டவாறு எழுதினார், இல்லை. ஓரெழுத்தைக் கூட்டியும் ஓரெழுத்தைக் குறைத்தும் எழுதினார், இல்லை. பின்னே அமர்ந்திருந்த யாம் கையை மடக்கி, மூச்சையும் அடக்கி இருந்தோம். நூல்கள் அவர் இருக்கையினின்றும் இருபதடி தொலைவில் இருந்தன. இறுதியில் அவர் பக்கத்திலிருந்த மாணாக்கரை நோக்கி, "என் தேடல்தான் பிழை, அண்ணா. எனக்குக் கணினி அவ்வளவாகப் பழக்கமில்லை" என்று மெல்லக் கூறினார்.

பிழை அவருடையதன்று. காரணத்தை ஈண்டு விளக்குவோம். கணினித் திரையில் தமிழெழுத்தை எழுதவியலாத காலத்தே, தமிழ் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்திற் பெயர்த்தெழுதிப் பதிதல் வழக்கமாயிற்று. அதற்கென அமெரிக்க நூலகங்கள் வகுத்த அட்டவணை ஒன்று உளது. தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே குறி என்பது அதன் நெறி. அறிவுக்குப் பொருந்திய நெறியே. உலகின் எந்நூலகமும் அதனைக்கொண்டு பதிவுகளைத் தம்முள் பகிர்ந்துகொள்ளலாம். ஆயின் நம் மக்கள் ஆங்கிலத்தில் தம் பெயரை எழுதுவது அந்நெறிப்படியன்று. தகரத்திற்கு அவர்கள் இரண்டெழுத்து இடுவர். அட்டவணை ஓரெழுத்தே இடும். பாரதி என்பதை அவர்கள் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தால் தொடங்குவர். அட்டவணையோ பதினாறாம் எழுத்தால் தொடங்கும். சுப்பிரமணியர் என்பதைப் பத்தொன்பதாம் எழுத்தின்கீழ் அவர்கள் தேட, அப்பெயர் மூன்றாம் எழுத்தின்கீழ் மறைந்திருக்கும். தம் மொழியின் பெருங்கவிஞர் பெயரை எழுதத் தெரியாதவர்போல அவர்கள் நிற்க வேண்டியதாயிற்று.

தமிழெழுத்தில் எழுதிய போதேனும் கிடைத்திருக்க வேண்டாவோ எனின், வேண்டும். ஒருங்குறியில் தமிழெழுத்து 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. நூலகங்கள் வழங்கும் 'மார்க்' என்னும் பதிவுமுறையில், ஒரு பெயரின் வேற்றெழுத்து வடிவத்தை இணைத்து வைத்தற்கென்றே 880 என்னும் எண்ணுள்ள இடம் அமைந்துளது. எம் கருவியிலும் அவ்விடம் இருந்தது. அதனை யாம் நிரப்பவில்லை. பதிவுகளை வெளியிலிருந்து பெற்று, உள்ளவாறே சேர்த்து, வேலை முடிந்ததென்று கைகழுவினோம். தமிழ்நாட்டின் நடுவே, தமிழ் கற்பிக்கும் கல்லூரியில், தமிழ் நூலைத் தமிழெழுத்தால் தேடினால் இல்லையென்னும் பட்டியலை யாம் வைத்திருந்தோம். மாணாக்கர்க்குப் படிக்கும் ஆர்வமில்லை என்று அறிவிப்பு எழுதியவரும் யாமே.

வினாக்கள் முடிந்தபின், இத்தகைய சோதனைகளில் வழங்கும் பத்துக் கூற்றுகள் கொண்ட தாளை அவரிடம் கொடுத்தோம். கருவியைப் பற்றிய மனநிறைவை அளப்பதற்கு ஜான் புரூக் என்பவர் 1986ஆம் ஆண்டில் அமைத்தது அது. அம்மாணவி பெரும்பாலும் கருவியைப் புகழ்ந்தே குறியிட்டிருந்தார். எட்டு வினாக்களுள் அவர் விடை கண்டன இரண்டே. தாளை மட்டும் நோக்கியிருப்போமாயின், எம் கருவி மிக நன்றென்றே எண்ணி மகிழ்ந்திருப்போம். பெரியோர் முன் குறை கூறலாகாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டறிவது ஒன்று. அவர் செய்வதைக் கண்டறிவது மற்றொன்று.

பின்னர் அவரை அலமாரிக்கு அழைத்துச் சென்றோம். புதுமைப்பித்தன் தொகுதிகள் வரிசையாக நின்றன. அவர் ஒன்றை எடுத்தார். பின்னட்டையைத் திறந்து வெண்மையான தேதித்தாளைப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஐயா, இவை மூன்று வருஷமும் இங்கேதான் இருந்தனவா?" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. உண்மையை அறிய விரும்பிய குரலிலேயே கேட்டார். முதலாண்டில் இருமுறை தேடிப் பார்த்து, இக்கல்லூரியில் தமிழ் நூல்கள் குறைவு என்று முடிவு செய்ததாகவும், அதன்பின் கடையில் விற்கும் வினாவிடைச் சுருக்கங்களையே வாங்கிப் படித்ததாகவும் கூறினார். தம் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல்வர் அவர். இறுதிப் பரீட்சைக்கு அப்போது ஆறு வாரங்களே இருந்தன.

அன்று அவர் இரண்டு நூல்களை எடுத்துச் சென்றார். முத்திரையிட்ட எம்முள் ஒருவர்க்குக் கை தடுமாறியது என்று எழுதினால் மிகையெனக் கருதுவோர் கருதுக.

மறுநாள் கூடியபோது எம்முள் ஒரு வாதம் எழுந்தது. நெடுங்காலம் நூல்நிலையத்திற் பணிபுரிந்தவர், "ஆண்டுத் தொடக்கத்தில் தேடும் முறையைக் கற்பிக்க ஒரு வகுப்பு நடத்தினாற் போதும், கருவியை ஏன் மாற்ற வேண்டும்?" என்றார். அவர் சொல்லிலும் நியாயம் உண்டு. கற்பித்தல் கல்லூரியின் தொழிலே. சில நுட்பங்களைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆயினும், கதவைத் திறக்கும் வித்தையை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்க்குக் கற்பிப்பதோ, திறக்க மாட்டாத கதவின் கீலை ஒருமுறை செப்பஞ்செய்வதோ, எது எளிது என்று மற்றவர் வினவினர். நெடுநேரம் வாதித்து, இரண்டும் வேண்டும், கீலைச் செப்பஞ்செய்தல் முற்படல் வேண்டும் என்று உடன்பட்டோம். முதற்கண் உடன்பட்டவர் வகுப்பு வேண்டும் என்றவரே. அந்த அறிவிப்பைச் சுவரினின்றும் கிழித்தவரும் அவரே.

கோடை விடுமுறையில் வேலை தொடங்கிற்று. தமிழ் நூல்களின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அலமாரியினின்றும் ஒவ்வொன்றாக எடுத்துத் தமிழெழுத்தில் பதிந்தோம். ஒருவர்க்குப் பல பெயர் உளவாயின் அவற்றை ஒன்றோடொன்று இணைத்தோம். புதுமைப்பித்தனைத் தேடினாலும் விருத்தாசலம் என்று தேடினாலும் ஓரிடத்திற்கே வழி செல்லும். மாணாக்கர் செவிவழி எழுதும் ஆங்கில வடிவங்களைப் பரீட்சைக் குறிப்பேட்டினின்றும் தொகுத்து, அவற்றையும் சேர்த்தோம். ஆகலின் அவர்கள் செய்த 'பிழைகளே' பட்டியலுக்கு உரமாயின. இடங்காட்டும் எண்ணின் பக்கத்தே தளமும் அலமாரியும் சொல்லால் எழுதப்பெற்றன. ஒன்றும் கிடைக்காதபோது 'முடிவுகள் இல்லை' என்று முகத்திலறைந்தாற்போலக் கூறிவந்த திரை, இப்போது 'இச்சொல்லால் எம்மால் கண்டுபிடிக்க இயலவில்லை; நூல் இருத்தல் கூடும்; வேறு சொல்லால் தேடுக, அன்றி எமக்கு எழுதுக' என்று கூறுகின்றது. கிடைக்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வேற்றுமை மூன்றாண்டுப் படிப்பு என்பதை யாம் கண்டுவிட்டோமன்றோ?

ஆகஸ்டு மாதத்தில் புதியோர் சிலரை அழைத்து மீண்டும் பரீட்சை நடத்தினோம். புதுமைப்பித்தனை யாவரும் கண்டனர். கால்டுவெல் ஐயரை ஒருவர் ஒழிய மற்றையோர் கண்டனர், அவ்வொருவர் எழுதிய வடிவத்தை யாம் கனவிலும் கருதியதில்லை, அதனையும் சேர்த்துவிட்டோம். எல்லாம் நிறைவுற்றது என்று சொல்லற்கில்லை. நூல்நிலையப் பட்டியலிலும் முழு வாக்கியமாகவே வினவும் வழக்கம் மாணாக்கரிடம் பரவியுளது. அதற்கு எம் கருவி இன்னும் ஏற்ற விடை தருவதில்லை. பழைய எழுத்துருக்களில் பதிந்த சில பதிவுகள் திரையில் இன்றும் பொருளற்ற குறிகளாகவே நிற்கின்றன. வினாத்தாள்களின் தொகுப்பு எங்கே உளதென்பதை இம்முறையும் பலர் கண்டிலர்.

பழைய மாணாக்கராகிய அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். பதிய வேண்டிய தமிழ் நூல்கள் இன்னும் பல உள. தமிழில் தட்டெழுதத் தெரிந்தவர் தம் ஊரிலிருந்தபடியே வாரம் ஒரு மணி நேரம் உதவலாம். நூற்பக்கத்தின் படத்தை யாம் அனுப்புவோம். எழுதியனுப்புவது அவர்கள் கடன்.

மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. தேடிய நூல் கிடைக்காவிடின் உங்களை நொந்துகொள்ளற்க. நூல் இல்லையென்றும் துணிந்துவிடற்க. நீங்கள் இட்ட சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி, உதவி மேசையின்மேல் உள்ள பெட்டியில் இடுக. பெயர் எழுத வேண்டா. அம்மாணவி இவ்வாண்டு நம் கல்லூரியில் இலர். தேர்வில் தேறி, ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றுவிட்டார். அவர் மூன்றாண்டை யாம் திருப்பித் தரவியலாது. அடுத்த பரீட்சை வருகின்ற ஜூலை மாதத்தில் நடைபெறும், எட்டு வினாக்கள், முக்கால் மணி நேரம். எழுத விரும்புவோர் தம் பெயரை மேசையில் பதிந்துகொள்க. மதிப்பெண் எமக்கே.